மூன்றாவது ஆள்

குருமண்வெளித் துறையில் பாதை கட்டிக் கிடக்கிறது.
எங்கள் பக்கம் பாதை என்றால் ரோட்டல்ல,
ஆளையும் மாட்டையும் மோட்டார் சைக்கிளையும்
மண்டூருக்கு ஏற்றிப்போகும் மிதவை.
இன்று ஓடாதென்று யாரும் அறிவிக்கவில்லை.
ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல்,
அவ்வளவுதான் சொன்னார்கள்.

நவம்பர் பதினேழு, காலை ஏழு மணி.
வெற்றுப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன்.
எல்லோரும் என்றால்
இடாப்புப் பார்க்கும் தவமலர்,
மை பூசும் சின்னலெவ்வை,
ஒரேயொரு கட்சி முகவர்,
கேகாலையிலிருந்து வந்து நுளம்படிக்கும் கான்ஸ்டபிள்.
பெட்டி வெறுமைதான் என்று ஒப்பமிட்டார்கள்.

படுவான்கரைக்காரருக்கு இக்கரையில் வைத்த சாவடி.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பெயர்.
பத்து மணிக்கு ஒரு ஆடு வந்தது.
அதன் பெயர் இடாப்பில் இல்லை.

மை காய்ந்துவிட்டதோ என்று
சின்னலெவ்வை தன் விரலிலேயே தொட்டுப் பார்த்தார்.
நான் வகுப்பறை அலுமாரியைத் திறந்தேன்.
சுனாமிக்கென்று கப்பலில் வந்த புத்தகங்கள்,
யாரும் பிரிக்காத ஒரு கட்டு.
மேலே கிடந்தது நெவாடா மாநில வரலாறு,
நாலாம் வகுப்புக்கு.

தேர்தலுக்கு எட்டு நாள் முன்புதான்
அது மாநிலமானதாம்.
அரசியலமைப்பு தபாலில் போய்ச் சேராதென்று
முழுவதையும் தந்தியில் அடித்தார்களாம்
கட், கட கட், கட்,
பதினாறாயிரம் சொல்லுக்கு மேல்,
இரண்டு நாள்.
ஒரு முற்றுப்புள்ளி தவறியிருந்தால்
என்னவாகியிருக்கும் என்று புத்தகம் சொல்லவில்லை.
அந்த அவசரத்தில் வாக்கு எண்ணி
ஜனாதிபதிக்காக மூன்று பேரைத் தேர்ந்தார்கள்.
மார்கழியில் அவர்கள் கூடி வாக்கிட வேண்டும்.
இரண்டு பேர் வந்தார்கள்.
மூன்றாமவர் பனியில் அகப்பட்டுக்கொண்டார்.

அடுத்த பக்கத்தில் நிறம் தீட்ட ஒரு படம்:
மலை, பனி, தொப்பி மட்டும் தெரிகிற ஆள்.
எந்தப் பிள்ளையோ
பனிக்குப் பச்சை அடித்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வாவி.
அதுவும் பச்சைதான் இந்த மாதத்தில்.
அக்கரையில் ஒரு சைக்கிள் துறைவரை வரும்,
நிற்கும்,
கிறுகிப் போகும்.

மூன்றே முக்காலுக்கு
ஒரு சின்னத் தோணி.
இறங்கினது ஒரு மனுசி,
இரண்டு தயிர்ச்சட்டியோடு.
தயிர் விற்க வந்தவள் என்றே
நானும் நினைத்தேன்.
கொசுவத்திலிருந்து சீட்டை எடுத்தாள்.
தவமலர் அன்றைக்கு முதன்முறையாக
உரத்துப் படித்தாள்:
கந்தப்போடி நேசப்பிள்ளை.
பெயரின் கீழ் கோடிழுத்தாள்.
முகவர் தலையாட்டினார்.
இடக்கைச் சுண்டுவிரல் நீண்டது.

"இது எத்தின நாளைக்குக் கிடக்கும் சேர்?"
"ரெண்டு கிழமையாவது."
"தேசிக்காய் போட்டுத் தேச்சாலும்?"
"போகாது அக்கா. போகாம இருக்கத்தானே பூசுற."

அவள் வாவியைப் பார்க்கவில்லை.
விரலைத்தான் பார்த்தாள்,
ஏதோ கடன் கேட்டு வந்த சொந்தக்காரனைப்போல.
"அப்ப ஒண்ணா மனே" என்றாள்.
ஒரு சட்டியைக் கான்ஸ்டபிள் வாங்கினான்.
காசை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு
மற்றச் சட்டியோடு தோணிக்கு நடந்தாள்.

நாலு மணிக்குப் படிவம் நிரப்பினேன்.
வழங்கிய சீட்டு, பழுதான சீட்டு, மிஞ்சிய சீட்டு:
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
கோடு விழுந்த பெயருக்குச் சீட்டுப் போகவில்லை,
கணக்கு இடிக்கிறது.
"காரணம் எழுதோணும் சேர்" என்றாள் தவமலர்.
"பனி" என்று எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.
வெட்டினதற்கும் ஒப்பமிடச் சட்டம்.
இட்டேன்.

அரக்கை உருக்கும்போது
பெருவிரல் சுட்டது.
இருட்டுமுன் மட்டக்களப்புக்குப் போகவென்று
பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
பெட்டியைத் தூக்க இரண்டு பேரை விட்டிருந்தார்கள்.
ஒருவர் பிடித்தார்.
மற்றவர் பின்னால் நடந்துவந்தார்,
கையில் தயிர்ச்சட்டியோடு.